பிளாஸ்டிக் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

வால்பாறையில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். ஆரம்பத்தில் நானும் மூக்கில் ஸ்ட்ரா மாட்டிய கடல் ஆமையின் படத்தைத்தான் காட்டினேன். பிள்ளைகள் 'ஐயோ பாவம்' என்றார்கள், அதோடு சரி. கடலையே பார்க்காத பிள்ளைக்கு ஆமை ரொம்பத் தூரம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டுக்குப் பின்னால் காட்டுமாடு மேய்கிறது, புதுத்தோட்டம் ரோட்டோரம் சிங்கவால் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு அது. அங்கிருந்து தொடங்குங்கள்.

'மக்குவதற்கு இத்தனை நூறு வருஷம்' என்று எண்ணை மனப்பாடம் செய்ய வைப்பதும் வேண்டாம், அது பரீட்சையோடு போய்விடும். ஒருமுறை மழையில் ரெண்டு நாள் கிடந்த சிப்ஸ் கவரை நான் கையுறை போட்டுப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை மோந்து பார்க்கச் சொன்னேன். உள்மடிப்பில் எண்ணெயும் மசாலாவும் அப்படியே மணத்தன. "அதான் மாடு திங்குதா டீச்சர்?" என்றாள் நாலாவது படிக்கிற ஒருத்தி. அதற்கப்புறம் விளக்குவது சுலபமாகிவிட்டது. காட்டுமாடும் கடமானும் அசைபோடுகிற விலங்குகள், விழுங்கிய கவர் செரிக்காமல் இரைப்பையிலேயே தங்கும், சேரச் சேர வயிறு நிறைந்த மாதிரியே இருப்பதால் மேய்ச்சல் குறைந்து, தீனி இருந்தும் மெலிந்து செத்துப்போகும்.

குரங்குக்கு பிஸ்கட் போடுவதை அன்பு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆழியாறிலிருந்து ஏறி வரும் வழியில் காரை நிறுத்தி, குழந்தை கையாலேயே கொடுக்க வைக்கிறார்கள். அப்படிப் பழகிய குரங்கு ரோட்டை விட்டு நகராது, வண்டியில் அடிபடும். காலி கவரும் அங்கேயே கிடக்கும்.

எனக்கு மனசு வலிக்கிற தவறு இன்னொன்று. பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் பொறுக்க வைத்துவிட்டு, மாலையில் அவர்கள் கண்ணெதிரே கொளுத்துவது. அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது அவர்கள்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, அதைப் பற்றிய விழாவுக்கே ஃபிளெக்ஸ் பேனர் கட்டினால் பிள்ளை எதை நம்பும்?

எல்லா பிளாஸ்டிக்கையும் மறுசுழற்சி செய்துவிடலாம் என்றும் சொல்லாதீர்கள். சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கோடு அலுமினியப் பூச்சு ஒட்டியிருப்பதால் பழைய பொருள் கடையில் அதை வாங்க மாட்டார்கள். ஆக, வாங்குவதைக் குறைப்பதுதான் வழி, இதைப் பிள்ளைகளிடம் உள்ளபடியே சொல்லிவிடலாம். பால் கவர் அப்படியில்லை, சுத்தமாகக் கழுவிக் கொடுத்தால் எடுப்பார்கள். ஆனால் மூலையை வெட்டும்போது அந்தச் சின்னத் துண்டு தனியாக விழுந்துவிடுகிறது, அதை யாரும் பொறுக்குவதில்லை, மழைத்தண்ணீரோடு ஓடைக்குப் போய்ச் சேருகிறது. முழுசாக வெட்டாமல் கவரிலேயே தொங்க விட்டால் போதும்.

இப்போது ஞாயிறன்று பிள்ளைகள் வீட்டுப் பால் கவர்களைக் காயவைத்து எடுத்து வருகிறார்கள், மூலை ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று ஒருத்தர் கவரை ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.