டேபிள் சாவில் புதுப் பையனை நிறுத்தும் முன்: படிப்படியாக

தச்சுப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாள் கிடைக்கிற பாதுகாப்புப் பாடம் பெரும்பாலும் இரண்டே சொல்தான்: "பார்த்து அறுப்பா." எதைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாதவனிடம் இதைச் சொல்லி என்ன பயன்? கண்ணும் கையும் பழக அவனுக்கு நாளாகும், அதுவரைக்கும் அவன் விரல் தப்புவது டேபிள் சாவை, அதாவது மேஜை நடுவே வட்டப் பிளேடு சுற்றும் அறுப்பு மெஷினை, நாம் எப்படிப் பொருத்தி வைத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதனால் இது பையனுக்கு மட்டும் எழுதியதில்லை, அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் மேஸ்திரிக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, 18 நிரம்பாதவர்களை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் சொல்கிறது. "லீவுக்குச் சும்மா வந்திருக்கான், கூடமாட இருக்கட்டும்" என்று பத்தாம் வகுப்புப் பையனை ரம்பத்துக்கு எதிரில் பலகை பிடிக்க விடாதீர்கள். கீழே வருவதெல்லாம் 18 முடிந்தவர்களுக்கு.

1. உடம்பில் தொங்குவதை எடுங்கள்

தோளில் துண்டு, முழுக்கைச் சட்டையின் பட்டன் போடாத நுனி, காப்பு, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். கோயில் கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள் முழங்கைக்கு மேலே சட்டைக்குள் போகிற மாதிரி ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம். கையுறையைப் பற்றிப் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. பலகை தூக்க, இறக்கக் கையுறை சரி, ஆனால் சுற்றும் பிளேடு பக்கம் போடவே கூடாது, ஏனென்றால் பல்லில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். காதுக்கு ஃபோம் அடைப்பான் போதும், விலையும் குறைவு.

2. கரண்ட் போய் வரும்போது என்ன ஆகும் என்று பாருங்கள்

நம் ஊரில் இது முக்கியம். மதியம் கரண்ட் போகும், சுவிட்ச் ஆனிலேயே இருக்கும், பையன் பிளேடில் சிக்கிய சிராயை எடுக்கக் கை வைப்பான், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வரும். சாதாரண மேல்-கீழ் சுவிட்ச் போட்ட மெஷின் என்றால் தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (பட்டன் வைத்த சுவிட்ச் பெட்டி) போட்டிருந்தால் கரண்ட் போனதும் அது விடுபட்டுவிடும், பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். சிங்கிள் ஃபேஸ் மெஷினுக்கும் இதே வேலையைச் செய்கிற சுவிட்ச் உண்டு, நோ-வோல்ட் சுவிட்ச் என்று கேட்டால் கடையில் கிடைக்கும். புதுப் பிளேடு வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள் என்பேன்.

பிளேடு மாற்ற, உயரம் சரிபார்க்க, எதற்காகக் கை உள்ளே போனாலும் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய ப்ளக் வேலை செய்பவனின் கண்ணெதிரே மேஜை மேல் கிடக்கட்டும்.

3. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு

இங்கேதான் நிதானமாகப் போகப் போகிறேன், நான் சிக்கிக்கொண்டு விடை தேடியதும் இதில்தான்.

நீளவாக்கில் பலகையைப் பிளக்கும்போது, அறுபட்ட இரண்டு பாதியும் சில நேரம் திரும்ப ஒன்றையொன்று நெருங்கும். சரியாகக் காயாத வேப்பமரத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம், ரப்பர் மரத்திலும் உண்டு. நெருங்கினால் பிளேடின் பின்பக்கப் பற்களை மரம் கவ்விக்கொள்ளும். பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே வருபவை, ஆகவே பலகையைத் தூக்கி அறுப்பவர் மேலேயே எறியும். 10 இஞ்ச் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் பல் நுனியின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் வரும். பலகை வயிற்றில் அடிப்பது ஒரு பக்கம், பலகை திடீரென்று விலகியதும் அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை நேராகப் பிளேடில் போய் விழுவது இன்னொரு பக்கம். விரல் போகும் விபத்துகளில் இது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற ஒன்று.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற இரும்புத் தகடு இருக்கிறது. அறுத்த இடைவெளிக்குள் நுழைந்து நின்று இரண்டு பாதியையும் சேரவிடாது. ஆனால் பல பட்டறைகளில் இதைக் கழற்றி எங்கேயோ மூலையில் போட்டிருப்பார்கள். கேட்டால், "பலகை பாதியில மாட்டுது, அதான்" என்பார்கள்.

அவர்கள் சொல்வது உண்மைதான், எங்கள் மெஷினிலும் மாட்டியது. காரணம் தகட்டில் இல்லை, பிளேடில் இருந்தது. பிளேடில் இரண்டு கனம் உண்டு. உடல் ஒரு கனம், பல் அதைவிட அதிகம். பல்லின் கனம்தான் அறுப்பின் அகலம். தகடு உடலைவிடக் கொஞ்சம் தடிமனாகவும் பல்லைவிடக் கொஞ்சம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். உடல் 2.2, பல் 3.2 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. தகடு அழகாக ஓடும். அதே மெஷினில் மரம் வீணாகாது என்று 2.4 மி.மீ. பல் கொண்ட மெல்லிய பிளேடை மாட்டினால் பலகை தகட்டில் முட்டி நின்றுவிடும். வாங்கும்போதே பிளேடில் அச்சடித்திருக்கும் இரண்டு எண்ணையும் தகட்டில் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நான் மெல்லிய பிளேடு வாங்குவதையே விட்டுவிட்டேன்.

கனம் சரியாக இருந்தும் மாட்டுகிறதா? தகடு நேர்கோட்டில் இல்லை. ப்ளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். நேரான அலுமினியப் பட்டை ஒன்றைப் பிளேடின் இடப்பக்கப் பற்களில் ஒட்டிப் பின்னால் தகடு வரை நீட்டிப் பாருங்கள், அப்புறம் வலப்பக்கமும். இரண்டு பக்கமும் பட்டைக்கும் தகடுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் முட்டினால் தகட்டின் போல்ட்டைத் தளர்த்தி, மெல்லிய பித்தளைத் தகடு அண்டைகொடுத்து நகர்த்தி முறுக்குங்கள். முறுக்கும்போது திரும்பவும் நகரும், அதனால் மறுபடி பாருங்கள். பற்களுக்கும் தகடுக்கும் நடுவே 3 முதல் 8 மி.மீ. இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

4. நிற்கும் இடம், தள்ளும் கட்டை

பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு அடி விலகி நில்லுங்கள். பல் பலகைக்கு மேலே கொஞ்சம் தெரிந்தால் போதும். கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளக் கூடாது, தள்ளுகட்டைதான். கடையில் வரும் பிளாஸ்டிக் குச்சியைவிட, பிளைவுட்டில் செருப்பு வடிவில் வெட்டிய கட்டை எனக்குப் பிடிக்கும், பலகையை மேலிருந்து அமுக்கிக்கொண்டே தள்ளும். கழிவுத் துண்டை எடுக்கப் பிளேடு முழுசாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

5. தூசி

கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது, முக்கியமாக மூக்கில். சாயங்காலம் ஏர் பைப்பை வைத்துச் சட்டையை ஊதுவதை நிறுத்துங்கள். வாக்குவம் இருந்தால் அது, இல்லையென்றால் ஈரத்துணி.

6. மீறி அடிபட்டால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிற பட்டறை என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பையனுக்கு உரிமை உண்டு. அதைச் சேர்க்கும்போதே அவனிடம் சொல்லுங்கள், அடிபட்ட பிறகு இல்லை.

பின்சேர்க்கை

சைட்டில் வேலை செய்யும் தம்பிகள் பலர் கேட்டது: "அண்ணா, எங்ககிட்ட டேபிள் சா இல்ல, கை மெஷினைத்தான் (கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம்) பிளைவுட் மேஜைக்கு அடியில கவுத்து மாட்டியிருக்கோம். அதுல இந்தத் தகட்டை எப்படிப் போடுறது?"

போட முடியாது. அப்படிக் கவிழ்த்தால் பிளேடை மறைக்கும் கீழ்மூடியைக் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும், ட்ரிக்கரையும் கட்ட வேண்டும், அவசரத்தில் அணைக்கச் சுவிட்ச் எங்கே என்று தேட வேண்டும். புதியவனை அதில் நிறுத்தவே வேண்டாம். முழு பிளைவுட் ஷீட்டை நீளமாக அறுக்க, நேரான பட்டை ஒன்றை ஷீட் மேல் இரண்டு கிளாம்ப்பால் பிடித்து, கை மெஷினை நிமிர்ந்த நிலையில் அந்தப் பட்டையை ஒட்டி ஓட்டுங்கள். ஷீட்டுக்கு அடியில் தெர்மோகோல் பலகை போட்டுவிட்டால் இரண்டு பாதியும் கீழே விழாமல், பிளேடைக் கவ்வாமல் கிடக்கும். இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மர பிளேடு மாட்டலாமா என்றும் ஒரு தம்பி கேட்டிருந்தார். கூடாது. 4 இஞ்ச் கிரைண்டர் 11,000 சுற்று வரை ஓடும், அந்த வேகத்தில் பல் மரத்தில் மாட்டினால் பிடித்து நிறுத்தக் கைக்கு வலு கிடையாது.