வேலை பாத்துக்கிட்டே ஆன்லைன்ல பி.எஸ்.என். படிக்கப் போற ஆர்.என்.கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கால ஆர்.என்.-ஆ (லைசென்ஸ் வாங்கின ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) வேலை பாத்துக்கிட்டே ஆன்லைன்ல பி.எஸ்.என். (நர்ஸிங் பேச்சிலர் டிகிரி) முடிச்சிரலாம்னு நெனைக்கிறவங்க நம்ம ஆளுங்கள்ல நெறைய பேரு, நெனைக்கிறதும் சரிதான். 2010-ல இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, 2020-க்குள்ள நர்ஸுங்கள்ல 80 சதவீதம் பேரு பேச்சிலர் டிகிரியோட இருக்கணும்னு, அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிங்க பி.எஸ்.என். கேக்குறது ரொம்பவே கூடிருச்சு. மேக்னட் அந்தஸ்து (நர்ஸிங் தரத்துக்குக் குடுக்குற அங்கீகாரம்) உள்ள ஆஸ்பத்திரில நர்ஸ் மேனேஜர் ஆகணும்னா இது இல்லாம நடக்காது. நியூயார்க்ல 2017 டிசம்பர்ல சட்டமே வந்திருச்சு, அதுக்கப்புறம் படிச்சு லைசென்ஸ் வாங்குற ஆர்.என். பத்து வருஷத்துக்குள்ள நர்ஸிங்ல பேச்சிலர் முடிச்சாகணும். மத்த ஸ்டேட்லயும் பல இடத்துல வேலைக்கு சேக்கும்போதே இத்தனை வருஷத்துக்குள்ள முடிச்சிருவேன்னு கையெழுத்து வாங்கிக்கிறாங்க. அதனால படிக்கணுமாங்கற கேள்வி பல பேருக்கு முடிஞ்சு போச்சு, எங்க படிக்கிறதுங்கறதுலதான் காசும் ரெண்டு வருஷமும் வீணாப் போகுது.

நான் பாத்த வரைக்கும் பெரிய தவறு ஒண்ணுதான், மிச்சதெல்லாம் அதுலேர்ந்து வர்றது. இந்த டிகிரிய நாளைக்கு யாரு ஏத்துக்கணுமோ அவங்களக் கேக்காம, விக்கிறவங்க கிட்டயே கேட்டு முடிவு பண்ணிடறோம். காலேஜ்லேர்ந்து போன் பண்ற என்ரோல்மென்ட் அட்வைசர் நல்லா அன்பாத்தான் பேசுவாங்க, ஆனா அவங்க வேலை உங்கள சேக்குறது. ஏத்துக்கப் போறவங்க மூணு இடம்தான்: உங்க ஆஸ்பத்திரி எச்.ஆர்., உங்க ஸ்டேட்டோட போர்டு ஆஃப் நர்ஸிங் (நர்ஸ் லைசென்ஸ் குடுக்குற அமைப்பு), அப்புறம் மேல எம்.எஸ்.என். (நர்ஸிங் மாஸ்டர்ஸ்), டி.என்.பி. (நர்ஸிங் டாக்டரேட்)னு எதாவது ஆசை இருந்தா அந்த காலேஜோட அட்மிஷன் ஆபீஸ். இந்த மூணு இடத்துக்கும் ஒரு ஈமெயில் போட்டு பதில எழுத்துல வாங்கி வச்சுக்கிட்டா பாதி பிரச்சனை வராது.

முதல்ல அக்ரெடிடேஷன், அதாவது படிப்போட தரத்துக்குக் குடுக்குற அங்கீகாரம். "நாங்க ஃபுல்லி அக்ரெடிட்டட்"னு சொன்ன உடனே டிக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடாதீங்க, ஏன்னா இதுல ரெண்டு அடுக்கு இருக்கு. ஒண்ணு மொத்த காலேஜுக்கும் கெடைக்கிறது, ஹையர் லேர்னிங் கமிஷன் மாதிரி அமைப்பு குடுக்கிறது. இன்னொண்ணு அந்த நர்ஸிங் ப்ரோக்ராமுக்குன்னு தனியா கெடைக்கிறது, அத சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., இல்லேன்னா என்.எல்.என்.னோட சி.என்.இ.ஏ. குடுப்பாங்க. முதல் அடுக்கு இருந்து ரெண்டாவது இல்லாத காலேஜும் உண்டு, அங்க அட்வைசர் சொன்னது பொய்யும் இல்ல, ஆனா உங்களுக்கு ஆகாது. எம்.எஸ்.என். சேரப் போகும்போதோ வி.ஏ. (முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு) ஆஸ்பத்திரிக்கு அப்ளை பண்ணும்போதோ கேக்குறது அந்த ரெண்டாவதத்தான். இத காலேஜ் சைட்ல பாக்காதீங்க, அந்த அக்ரெடிடேஷன் அமைப்போட சைட்லயே போய் காலேஜ் பேரப் போட்டுத் தேடுங்க, பேரு வந்தா மட்டும் போதாது, எந்த டிகிரிக்குன்னும் பாருங்க, ஏன்னா ஒரே காலேஜ்ல எம்.எஸ்.என்.னுக்கு இருக்கும், புதுசா ஆரம்பிச்ச பி.எஸ்.என்.னுக்கு இன்னும் வந்திருக்காது. மொத்த காலேஜோடத பாக்கணும்னா அமெரிக்க மத்திய கல்வித் துறையோட டேட்டாபேஸ் ஃப்ரீயாவே இருக்கு.

இதுக்கு ஏன் இவ்ளோ அழுத்தம் குடுக்கறேன்னா 2023 ஜனவரில ஆபரேஷன் நைட்டிங்கேல்னு ஒண்ணு வெளிய வந்துச்சு. தெற்கு ஃப்ளோரிடால மூணு நர்ஸிங் ஸ்கூல் 7,600-க்கு மேல போலி டிப்ளமா, டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் வித்திருக்காங்கன்னு 25 பேரு மேல கேஸ் போட்டாங்க. அத வாங்கினவங்கள்ல பல பேரு பரீட்சையும் பாஸ் பண்ணி லைசென்ஸும் வாங்கி வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் ஸ்டேட் போர்டுங்க ஒவ்வொருத்தர் லைசென்ஸா நோண்ட ஆரம்பிச்சாங்க. "கிளாஸ் கூட அட்டெண்ட் பண்ண வேணாம், சர்ட்டிபிகேட் வந்துரும்"னு யாராவது சொன்னா, சொன்னது சொந்தக்காரங்களா இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீங்க. பி.எஸ்.என்.னுக்கு ஆசைப்பட்டு கையில இருக்குற ஆர்.என். லைசென்ஸுக்கு ஆபத்து வரக் கூடாது.

அடுத்தது சின்ன விஷயம்தான், ஆனா நெறைய பேரு குழம்புறாங்க. என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை) பாஸ் பர்சென்ட்டேஜ வச்சு ப்ரோக்ராம கம்பேர் பண்றாங்க. நீங்கதான் ஏற்கனவே என்கிளெக்ஸ் முடிச்சவங்களாச்சே, அந்த நம்பர் புதுசா நர்ஸ் ஆகப் போறவங்க படிக்கிற ப்ரோக்ராமோடது, ஆர்.என். டு பி.எஸ்.என்.னுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சேந்தவங்கள்ல எத்தன பேரு முடிச்சாங்க, எவ்ளோ நாள்ல முடிச்சாங்கன்னு கேளுங்க, பதில் சொல்லாம நழுவுனா அதுவே ஒரு பதில்தான்.

ஆன்லைன்தானே, எந்த ஸ்டேட் காலேஜா இருந்தா என்னன்னு நெனைக்கிறதும் தப்பு. ஒரு ஸ்டேட் காலேஜ் இன்னொரு ஸ்டேட்ல இருக்குறவங்கள சேக்கணும்னா அனுமதி வேணும். சாரான்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு, பெரும்பாலான ஸ்டேட் அதுல சேந்திருக்கு, கலிபோர்னியா சேரல. அதனால கலிபோர்னியால இருக்குறவங்கள எடுத்துக்க மாட்டோம்னு சொல்ற காலேஜும் இருக்கு. டிராவல் நர்ஸா (ஊர் ஊரா போய் தற்காலிகமா வேலை பாக்குறவங்க) இருக்குறவங்க இத கண்டிப்பா கேக்கணும்: பாதில நான் வேற ஸ்டேட்டுக்கு குடி போனா தொடர்ந்து படிக்க முடியுமா, ப்ராக்டிகம் (நேரடிப் பயிற்சி) அங்கயே பண்ணலாமா? இன்னொண்ணு, கலிபோர்னியால பப்ளிக் ஹெல்த் நர்ஸ் சர்ட்டிபிகேட் வாங்குற யோசனை இருந்தா பி.எஸ்.என்.ல கம்யூனிட்டி ஹெல்த் படிச்சா மட்டும் பத்தாது, சூப்பர்வைஸ்ட் கிளினிக்கல் 90 மணி நேரம் இருக்கணும், குழந்தைகள் மேல நடக்குற கொடுமையைக் கண்டுபிடிக்கிற டிரெய்னிங்கும் இருக்கணும். வெளி ஸ்டேட் ப்ரோக்ராம்ல பல இடத்துல இந்த 90 மணி நேரம் வராது. டிகிரி முடிச்சிட்டு அதுக்குன்னு தனியா இடம் தேடி அலையுறது ரொம்ப கஷ்டம், சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.

இப்ப கிரெடிட் (பாடத்தோட அளவைக் கணக்குப் போடுற யூனிட்) கதை, நம்ம ஊர்ல படிச்சிட்டு வந்தவங்க ரொம்ப அடி வாங்குறது இங்கதான். ஒரு பேச்சிலர் டிகிரின்னா சாதாரணமா 120 செமஸ்டர் கிரெடிட். அதுல உங்க ஏ.டி.என். (நர்ஸிங் அசோசியேட் டிகிரி) இல்ல டிப்ளமாக்கும் லைசென்ஸுக்கும் சேத்து ஒரு பங்கு குடுப்பாங்க, பழைய காலேஜ்ல படிச்ச இங்கிலீஷ், சைக்காலஜி, மைக்ரோ பயாலஜி எல்லாம் ஒரு பங்கு வரும், மிச்சம் அவங்க கிட்ட படிக்கணும். வெளம்பரத்துல "முப்பதே கிரெடிட்ல பி.எஸ்.என்."னு போட்டிருப்பாங்க, அது ஜெனரல் எஜுகேஷன் எல்லாம் ஏற்கனவே முடிச்சவங்களுக்கு. ஸ்டாடிஸ்டிக்ஸ் இல்லாம, ஹிஸ்டரி இல்லாம, ரெண்டாவது இங்கிலீஷ் பேப்பர் இல்லாம வர்றவங்களுக்கு அந்த முப்பதுக்கு மேல இன்னும் பத்து இருபதுன்னு ஏறும். அட்வைசர் போன்ல "எல்லாம் டிரான்ஸ்பர் ஆயிரும்"னு சொன்னத நம்பி டெபாசிட் கட்டாதீங்க, ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்லேர்ந்து எழுத்துல எவாலுவேஷன் வரட்டும், எந்தப் பாடம் எடுத்துக்கிட்டாங்க, எந்தப் பாடம் எடுத்துக்கல, இன்னும் எத்தன பாக்கின்னு. சில காலேஜ் பத்து வருஷத்துக்கு முன்னாடி படிச்ச சயின்ஸ எடுத்துக்காது. குவார்ட்டர் சிஸ்டம் காலேஜா இருந்தா கணக்கும் மாறும், அங்க 180 கிரெடிட்டுங்கறது இங்க 120-க்கு சமம், அத கவனிக்காம ஒரு கிரெடிட் வெல கம்மியா இருக்கேன்னு சேந்தவங்க உண்டு.

இந்தியால ஜி.என்.எம். முடிச்சிட்டு வந்தவங்க, உங்க டிப்ளமாவ ஒரு காலேஜ் ஏத்துக்கும், பக்கத்து காலேஜ் ஏத்துக்காது, ரெண்டும் அவங்கவங்க இஷ்டம். பாடவாரியா எவாலுவேஷன் ரிப்போர்ட் எடுக்கணும், ஆனா எந்த ஏஜென்சி ரிப்போர்ட்ட அந்தக் காலேஜ் ஏத்துக்கும்னு கேட்டுட்டு அப்புறம் காசு கட்டுங்க, ஏன்னா ரிப்போர்ட் வாங்க ஊர்ல உள்ள பழைய ஸ்கூல்லேர்ந்து டிரான்ஸ்கிரிப்ட் நேரா அனுப்ப வைக்கிறதுக்குள்ள மாசக்கணக்கா ஆயிடும், அத ரெண்டு தடவ பண்றது தேவையில்லாத வேதனை.

அங்க நாலு வருஷ பி.எஸ்சி. நர்ஸிங் முடிச்சவங்களுக்கு தனியா சொல்றேன், தயவு செஞ்சு கேளுங்க. உங்க டிகிரிய பொதுவா இங்க நர்ஸிங் பேச்சிலருக்கு சமமாத்தான் எவாலுவேட் பண்றாங்க. எச்.ஆர்.ல யாரோ ஒருத்தர் "பி.எஸ்.என். இல்லையே"ன்னு சொன்னத வச்சு மறுபடியும் முதல்லேர்ந்து பி.எஸ்.என். படிக்கப் போயிடாதீங்க. எவாலுவேஷன் ரிப்போர்ட்ட எச்.ஆர். கிட்ட குடுத்து ஃபைல்ல ஏத்தச் சொல்லுங்க, படிக்கணும்னு ஆசையிருந்தா நேரா எம்.எஸ்.என். பாருங்க. ஒரே டிகிரிய ரெண்டு தடவ காசு குடுத்து வாங்குறதப் பாத்தா எனக்கு நெஞ்சு கொதிக்குது.

காசு விஷயத்துல ஒரு கிரெடிட் எவ்ளோன்னு மட்டும் பாக்குறது தப்பு. டெக்னாலஜி ஃபீஸ், ப்ராக்டிகம் ஃபீஸ், புக்கு, கிராஜுவேஷன் ஃபீஸ் எல்லாம் சேத்து கடைசி வரைக்கும் மொத்தம் எவ்ளோன்னு கேளுங்க. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் மாதிரி சில யுனிவர்சிட்டில ஆறு மாசத்துக்கு ஒரே ஃபீஸ், அதுக்குள்ள எத்தன பாடம் முடிக்கிறீங்களோ அது உங்க சாமர்த்தியம். வேகமா முடிக்கிறவங்களுக்கு அது ரொம்ப லாபம், வேலையும் வீடும் பாத்துக்கிட்டு மெதுவாத்தான் போக முடியும்ங்கறவங்களுக்கு அதே திட்டம் ஒவ்வொரு ஆறு மாசமும் கூடிக்கிட்டே போகும். ஆஸ்பத்திரி குடுக்குற டியூஷன் உதவில வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் வரி கெடையாது, ஆனா முன்னாடியே அப்ரூவல் வாங்கலேன்னா பல இடத்துல ஒரு பைசா வராது, பாடம் முடிஞ்சு கிரேடு காட்டுனாதான் பணம் வரும், அதுவரைக்கும் உங்க கைலேர்ந்துதான் போட்டிருக்கணும், வாங்குனதுக்கப்புறம் இத்தன நாள் இங்கயே வேலை பாக்கணும்னு கண்டிஷன் இருக்கும், வேற ஆஸ்பத்திரிக்கு மாறுற யோசனை இருந்தா அந்தப் பேப்பர நல்லாப் படிங்க.

சம்பளம் அதிகமா இருக்கே நமக்கெல்லாம் எங்க கெடைக்கும்னு ஃபாஃப்சா (மத்திய அரசு படிப்பு உதவிக்கான விண்ணப்பம்) போடாம விடுறவங்களும் இருக்காங்க. கிரீன் கார்டு இருந்தாலே போடலாம். பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை) மட்டும் முதல் பேச்சிலருக்குத்தான், வெளிநாட்டுல வாங்குன பேச்சிலர் இருந்தாலும் அது வராது. அப்புறம் இந்த எய்டு வாங்கிட்டு டெர்ம்ல 60 சதவீதம் முடியறதுக்கு முன்னாடி மொத்தமா விலகுனா ஒரு பகுதிய திருப்பிக் குடுக்கணும், அந்த பில்லு உங்க தலைலதான் விழும்.

நேரத்த தப்பா கணக்குப் போடுறதும் இருக்கு. ஏழு எட்டு வாரப் பாடம்னா புதன்கிழமைக்குள்ள டிஸ்கஷன் போஸ்ட், ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேருக்கு பதில், நடுவுல ஏ.பி.ஏ. ஸ்டைல்ல ஒரு பேப்பர்னு பல இடத்துல போகும். மூணு 12 மணி நேர நைட் ஷிஃப்ட் வரிசையா பாத்துட்டு வந்து உக்காந்து எழுதுறது லேசு இல்ல. ஒரே நேரத்துல மூணு பாடம் எடுக்காதீங்க, முதல் தடவ ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பாருங்க. ஒரு டெர்ம் நிறுத்தி வைக்கலாமா, திரும்பி வந்தா பழைய ஃபீஸா புது ஃபீஸான்னு கேட்டு வைங்க. "கிளினிக்கலே கெடையாது"ன்னு வெளம்பரம் பாத்தா சந்தேகப்படுங்க, சி.சி.என்.இ. அக்ரெடிடேஷன் உள்ள ப்ரோக்ராம்ல ஏதோ ஒரு ப்ராக்டிஸ் அனுபவம் இருந்தே ஆகணும், பெரும்பாலும் கம்யூனிட்டி ஹெல்த்லயோ லீடர்ஷிப்லயோ வரும். அதுக்கு பிரிசெப்டர (பயிற்சிய மேற்பார்வை பாக்குறவர) காலேஜ் தேடித் தருமா நீங்களே தேடணுமா, உங்க யூனிட்லயே பண்ணலாமா, இதெல்லாம் கடைசி டெர்ம்ல தெரிஞ்சுக்கற விஷயம் இல்ல.

மேல படிக்கிற ஆசை இருக்குறவங்க கிரேடு முறைய பாக்காம சேரக் கூடாது. பாஸ், ஃபெயில் மட்டும் போடுற ப்ரோக்ராம்ல பாஸ்னா ஜி.பி.ஏ.ல (கிரேடு சராசரி) 3.0-க்கு சமம்னு எடுத்துப்பாங்க, பெட்சைட்லயே (நேரா நோயாளிங்களப் பாக்குற வேலையிலயே) இருக்கப் போறவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. ஆனா சி.ஆர்.என்.ஏ. (மயக்க மருந்து குடுக்குற நர்ஸ்) கனவு இருந்தா, 2022-லேர்ந்து அதுவே டாக்டரேட் லெவல் ஆயிருச்சு, போட்டி பயங்கரம், ஜி.பி.ஏ. கூட்ட வாய்ப்பே இல்லாத டிகிரி உங்களுக்கு இடைஞ்சல். நர்ஸ் பிராக்டிஷனர் ஆகணும்னு உறுதியா இருந்தா ஏ.டி.என்.லேர்ந்து நேரா எம்.எஸ்.என். போற பிரிட்ஜும் இருக்கு, அத ஒரு தடவ பாத்துட்டு முடிவெடுங்க. ஹெல்த் சயின்ஸ், ஹெல்த்கேர் அட்மினிஸ்ட்ரேஷன்னு பேரு வச்ச பேச்சிலர் எல்லாம் பி.எஸ்.என். கெடையாது, சீக்கிரம் முடியுதேன்னு அதுல விழுந்துறாதீங்க, மேக்னட் மேனேஜர் வேலைக்கும் நியூயார்க் சட்டத்துக்கும் அது செல்லாது.

எஃப்-1 (மாணவர்) விசால இருக்குறவங்க இத வச்சு ஸ்டேட்டஸ் மெயின்டெயின் பண்ணலாம்னு நெனைச்சா அது நடக்காது, முழு நேரப் படிப்புக் கணக்குல ஒரு டெர்முக்கு ஒரு ஆன்லைன் பாடத்துக்கு மேல சேக்க மாட்டாங்க. அப்புறம் "உங்களுக்கு ஏத்த காலேஜ் கண்டுபிடிங்க"ன்னு ஃபார்ம் காட்டுற சைட்டுங்கள்ல போன் நம்பர் போடாதீங்க, அந்த நம்பர் பல காலேஜுக்குப் போயிரும், நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குற நேரத்துல காலு வந்துக்கிட்டே இருக்கும். காலேஜோட சொந்த சைட்ல நர்ஸிங் டிபார்ட்மென்ட் ஈமெயில் இருக்கும், நேரா அதுக்கே எழுதுங்க.