பசுமைக்குடில் அடித்தளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடில் எழுப்பிச் சில மாதங்களில் கதவு பாதியில் சிக்கும், பாலிகார்பனேட் தகடு சட்டத்திலிருந்து பிதுங்கும். பலரும் கதவைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு தரையில் இருக்கும். நான்கு மூலைகளில் ஒன்று 10 மி.மீ. இறங்கினாலே மெல்லிய அலுமினியச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்தவை. உறைபனி மண்ணைத் தூக்கிவிடும் என்பதால் அவர்கள் ஆழமாகத் தோண்டுகிறார்கள். சிங்கப்பூரில் அந்தக் கவலை இல்லை, இங்கே மழைதான் எதிரி. சட்டம் மட்டமாக உட்கார வேண்டும், தண்ணீர் வெளியேற வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். தண்ணீர் ஓடட்டும் என்று தளம் முழுவதையும் சரித்துவிட்டு, அந்தச் சரிவின் மேலேயே சட்டத்தை வைப்பதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. சட்டம் உட்காரும் விளிம்பை ரசமட்டத்துக்குச் சரியாக வையுங்கள். சரிவை உள்தரைக்கு மட்டும் கொடுத்தால் போதும்: ஒரு மீட்டருக்கு 10 மி.மீ. உள்ளே சரளைக்கல் பரப்புவதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

அளவெடுப்பதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 6 அடிக்கு 8 அடி தளத்தின் மூலைவிட்டம் சரியாக 10 அடி. பக்கங்கள் ஒத்துப்போய் மூலைவிட்டங்கள் இரண்டும் வேறுபட்டால் தளம் இணைகரமாகச் சாய்ந்துவிட்டது என்று பொருள். பெட்டியில் போட்டிருக்கும் "6க்கு 8" தோராயமான அளவாகவும் இருக்கலாம். அடிச்சட்டத்தைப் பூட்டி, அளந்து பார்த்தபிறகே நூல் பிடியுங்கள்.

கையளவு ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, மறுமூலைக்குப் போவதற்குள் பெரிதாகிவிடும். நேரான அலுமினியக் கட்டையின்மேல் 1.2 மீட்டர் ரசமட்டத்தை வைத்து, முனைகளை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். இரண்டு முறையும் ஒரே அளவு காட்டாவிட்டால் கருவியே சரியில்லை. தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் மலிவானது, நம்பகமானது; குழாயில் காற்றுக்குமிழி மட்டும் இருக்கக்கூடாது.

மண் விஷயத்தில் அவசரம் ஆகாது. சரிவான இடத்தில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினால், நிரப்பிய பக்கம் பருவமழையில் கீழே இறங்கும். வேரும் கறுப்பு மேல்மண்ணும் போகும்வரை தோண்டுங்கள். பிறகு தண்ணீரை வடியவிட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். அதற்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போட்டால் தண்ணீர் தேங்கும். துணியின் மேல் 100 மி.மீ. உடைகல் போடுங்கள். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பிடிக்காது, தூளும் கலந்த உடைகல்தான் இறுகும். 6க்கு 8 அடி தளத்துக்குச் சுற்றிலும் 100 மி.மீ. கூடுதலாக விட்டால் ஏறக்குறைய ஒரு டன் தேவைப்படும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டித் திமிசு போட்டால் மேல்பகுதி மட்டுமே இறுகும். 50 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காகப் போடுங்கள்.

கான்கிரீட் தளத்தைச் சட்டத்தின் அளவுக்கே வார்ப்பது இன்னொரு சிக்கல். போல்ட் விளிம்பில் விழுந்து, முடுக்கும்போது கான்கிரீட் பெயர்ந்துவிடும். அகலமாக வார்த்தாலோ, கூரைத்தண்ணீர் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் விழுந்து சட்டத்துக்கு அடியில் நுழையும். அதனால் 100 மி.மீ. நீட்டி வார்த்து, அந்தப் பட்டையை மட்டும் வெளிப்புறமாகச் சரித்துவிடுங்கள். மணிக்கு 50 மி.மீ. மழை என்றாலே இந்தச் சின்னக் கூரையிலிருந்து 220 லிட்டர் தண்ணீர் இறங்கும். குழி விழுந்த தளத்தில் அது தேங்கினால் கொசு வரும். ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் பெருகிவிடும்.

வார்த்த மறுநாளே துளை போடாதீர்கள். ஏழு நாள் ஈரமாக வைத்திருந்துவிட்டு அப்புறம் போடுங்கள். ஈரக் கான்கிரீட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் இடையில் ரப்பர் பட்டை வையுங்கள். போல்ட் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். தளத்தில் பிணைக்காமல் "கனமாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவதும் ஆபத்து. சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசக்கூடியது. வெறும் சரளைத்தளமாக இருந்தால் நான்கு மூலைகளிலும் குழி தோண்டிக் கான்கிரீட் நிரப்பி, அதில் சட்டத்தை நங்கூரமிடுங்கள்.

தோண்டும் முன் ஒன்று: தரைவீடுகளின் பின்முற்றத்தில் கழிவுநீர்க் குழாய் போகலாம். அதன் மூடியை மறைத்துக் கட்டக்கூடாது. சமூகத் தோட்டமாக இருந்தால் பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள்.

குடில் எழுந்தபிறகு, முதல் பெருமழைக்குப் பின் மூலைவிட்டங்களையும் மட்டத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை சற்று இறங்கியிருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி மட்டத்துக்குக் கொண்டுவந்தபின் முடுக்குங்கள். மரத்துண்டு வைத்தால் கரையான் தின்றுவிடும்.