ஃபுல் டைம் காலேஜா? சேர்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர், ஒரு பென்சில் எடுங்க

“எந்த காலேஜ்ணா நல்லது?” இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க. எனக்குத் தெரியாதுப்பா. ஆனா சேர்ந்தா உன் வாரம் எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டுப் பாத்தியான்னு திருப்பிக் கேட்டா முழிக்கிறாங்க, நானும் முழிச்சவன்தான், என்ன, நான் சேர்ந்ததுக்கு அப்புறம் முழிச்சேன்.

முதல் வேலை: பேப்பர்ல ஏழு நாளுக்கு ஏழு கட்டம் போடுங்க. வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். தினம் 8 மணி தூக்கம்னா 56 போச்சு, மிச்சம் 112. கிளாஸ் ஒரு 16 மணின்னு வைங்க. 16 தானே, ஜாலின்னு நினைக்காதீங்க, ஒரு மணி கிளாஸுக்கு வெளிய ரெண்டு மணி படிக்கணும்ங்கிறதுதான் பொதுவான கணக்கு, ஆக 16 கூட 32, மொத்தம் 48. மிச்சம் 64. போக வர தினம் மூணு மணி, அஞ்சு நாளுக்கு 15. குளிக்க, சாப்பிட, துணி துவைக்க தினம் மூணு மணி, அது 21. இப்ப கையில 28 இருக்கு. இதுல 20 மணி பார்ட் டைம் வேலைக்கும் போறேன்னா மிஞ்சுறது 8. காய்ச்சல், நண்பன் பிறந்தநாள், சும்மா படுத்துக் கிடக்குறது எல்லாமே அந்த எட்டுக்குள்ளதான்!

மிகைப்படுத்துறேன்னு தோணுச்சுன்னா ஐரோப்பாவோட கிரெடிட் கணக்கப் பாருங்க (கிரெடிட்னா ஒரு பாடத்துக்கு எவ்வளவு உழைப்புன்னு அளக்குற அலகு). அங்க ஒரு வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25-லேர்ந்து 30 மணி நேர உழைப்பு, அதாவது வருஷத்துக்கு 1500-லேர்ந்து 1800 மணி. முழு நேர வேலை பாக்குறவங்க கணக்குக்குப் பக்கத்துல வந்துடுது.

அடுத்து, காலேஜ் ஆபீஸ்ல இத கேளுங்க: “ஃபுல் டைம்னு கணக்குல எடுக்க குறைஞ்சது எத்தனை கிரெடிட், டிகிரி முடிக்க மொத்தம் எத்தனை?” ரெண்டும் வேற வேற கேள்வி, இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அமெரிக்காவ எடுத்துக்கோங்க, இளநிலை படிப்புல செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே பெரும்பாலும் ஃபுல் டைம்தான். ஆனா டிகிரிக்கு வழக்கமா 120 வேணும், 12 வீதம் எட்டு செமஸ்டர் போட்டா 96 தான் வரும், 24 துண்டு விழும். ஒழுங்கா ஃபுல் டைமா படிச்சும் நாலு வருஷத்துல முடியாது! அந்தக் குறைஞ்சபட்சத்துக்குக் கீழ போனா ஸ்காலர்ஷிப், வெளிநாட்டுல படிக்கிறவங்களுக்கு விசா வரைக்கும் இடிக்கலாம், அதனால ஒரு பாடத்த விடுறதுக்கு முன்னாடி கேட்டுட்டு விடுங்க.

காசு விஷயம். நான் ஃபீஸ் கட்டியாச்சுன்னு நிம்மதியா இருந்தேன், ரெண்டாவது மாசம் எக்ஸாம் ஃபீஸ் தனி, லேப் ஃபீஸ் தனின்னு ஒரு நோட்டீஸ் ஒட்டுனாங்க பாருங்க, வீட்டுக்கு போன் பண்ணி சொல்ற தைரியம் வர ரெண்டு நாள் ஆச்சு. அதனால “ஒரு வருஷத்துக்கு நான் கட்ட வேண்டிய எல்லாமே இதுல இருக்கா?”ன்னு மெயில்லயே கேட்டு பதில வாங்கி வச்சுக்கோங்க, வாய்ல சொன்னா எடுபடாது. வேணாம்னு விலகுனா எந்தத் தேதி வரைக்கும் காசு திரும்ப வரும், ஸ்காலர்ஷிப் அடுத்த வருஷமும் தொடர எவ்வளவு மார்க் வேணும்னும் அதே மெயில்ல கேட்டுடுங்க.

அங்கீகாரம் இருக்கான்னு காலேஜ் போஸ்டர்ல பாக்காதீங்க, அங்கீகாரம் குடுக்குற அமைப்போட பட்டியல்ல பாருங்க, காலேஜ் பேர் மட்டும் இல்ல உங்க கோர்ஸ் பேரும் அதுல இருக்கணும்.

கடைசியா சீனியர்ஸ். “காலேஜ் எப்படிக்கா இருக்கு?”ன்னா “பரவால்லப்பா”தான் பதிலா வரும். அதுக்குப் பதிலா “போன செவ்வாய்க்கிழமை காலைல எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணீங்க?”ன்னு கேளுங்க. ஒரு அக்கா கிட்ட இத கேட்டேன், 9 மணிக்கு ஒரு கிளாஸ், அடுத்தது 3 மணிக்கு, நடுவுல லைப்ரரில இடம் கிடைக்காம படிக்கட்டுல உக்காந்து லேப்டாப் சார்ஜ் தீர்ற வரைக்கும் அசைன்மென்ட் எழுதுனேன்னாங்க. எந்த பிராஸ்பெக்டஸ்லயும் இது இருக்காது. இப்ப அந்த பேப்பர எடுத்து செவ்வாய்க்கிழமை கட்டத்த அழிச்சுட்டு திரும்ப எழுதுங்க, பென்சில் எடுக்கச் சொன்னது இதுக்குத்தான்.