பழைய அறிவியல் புனைவுப் படப் பொருட்களைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி? மும்பையிலிருந்து ஒரு செய்முறை

என் சேகரிப்பில் முதல் எண் கொண்ட பொருள் ஒரு பாட்டுப் புத்தகம், அதாவது ஒரு படத்தின் பாடல்களும் கதைச் சுருக்கமும் அச்சிட்ட சின்னப் புத்தகம். 'கலை அரசி', 1963இல் வந்த எம்.ஜி.ஆர் படம். வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிறவர்கள், தங்கள் உலகத்துக்கு இசை சொல்லித்தர பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிற கதை. அப்பா வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறியபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். மாட்டுங்கா வீட்டைக் காலி செய்த அன்றுதான் அது வெளியே வந்தது. அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி, மாயவரம், பக்கத்தில் "பெரியண்ணனோடு" என்று எழுதியிருந்தது. அந்தப் பென்சில் எழுத்து இல்லாமல் போயிருந்தால், இது யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அப்பாவோடு போயிருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு பணம் வேண்டும்?" என்றுதான். முதலில் வேண்டியது ஒரு நோட்டு. ஏன் என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

"அறிவியல் புனைவுப் படம் எல்லாமே" என்று தொடங்கினால் ஆறே மாதத்தில் வீடு நிறைந்துவிடும், மனது நிறையாது. ஒரு மொழி, ஒரு காலம், அல்லது ஒரு வகைப் பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தொடங்குவதாக இருந்தால் வட்டம் சின்னது, ஆனால் ருசியானது. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் பெர்க்கோடு சேர்ந்து எடுத்த 'காடு' இருக்கிறது. பனியுகத்தின், உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த யானைகள் வரும் படம். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்' என்ற பெயரில் அமெரிக்காவிலும் ஓடியதால், நம் மண்ணில் எடுத்த படத்துக்கு அமெரிக்க போஸ்டரும் உண்டு. அப்புறம் கலை அரசி. பிறகு 1986இல் கமல் நடித்த 'விக்ரம்', அக்னிபுத்திரன் ஏவுகணையைத் தேடும் கதை. இந்தியில் கிஷோர் குமார் கண்ணுக்குத் தெரியாத மனிதராக வரும் 'மிஸ்டர் எக்ஸ் இன் பாம்பே' 1964இல் வந்தது. தாரா சிங் நிலவுக்குப் போகும் 'சாந்த் பர் சடாயி' 1967இல் வந்தது. மனிதன் நிலவில் கால் வைக்க அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

பொருள் வகையில் தொடக்கக்காரருக்கு நான் சொல்வது பாட்டுப் புத்தகம்தான். சின்னது, விலை குறைவு, உறையில் அடங்கும். கதைச் சுருக்கம் பாதியில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் அந்த அழகு வேறு எதிலும் இல்லை. அடுத்து லாபி கார்டு (தியேட்டர் முகப்பில் மாட்டும் படக்காட்சி அட்டை), ஸ்டில் (படக்காட்சிப் புகைப்படம்), இசைத்தட்டு உறை. போஸ்டர் பிறகு வரட்டும். ஒரு போஸ்டரைக் கெடுக்காமல் வைத்திருக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மழைக்காலம் ஆகும்.

இரண்டாம் படி: நோட்டு

கட்டம் போட்ட நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். எதிரே என்ன பொருள், எந்தப் படம், நீள அகலம், எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், விற்றவர் அதைப் பற்றி என்ன சொன்னார், கிழிசல், கறை எங்கே என்று எழுதுங்கள். வாங்கிய அன்றே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் விற்றவர் சொன்னதில் பாதி மறந்துபோகும்.

பொருளின் மேல் பேனா படக்கூடாது. எண்ணை அது இருக்கும் உறையின் மேல் எழுதுங்கள். அப்பா எழுதியது போலப் பழைய குறிப்பு ஏதாவது ஏற்கெனவே இருந்தால் அதை அழிக்கவே அழிக்காதீர்கள். தியேட்டர் முத்திரை, வாடகை நூலக ஸ்டாம்ப், முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்து எல்லாம் அந்தப் பொருள் வந்த வழியைக் காட்டுபவை.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் பிடித்து சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி நடந்தால் சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட். பழைய படப் போஸ்டருக்கென்றே உள்ள கடைகள் அங்கே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அன்று விடியற்காலையில் தெருவில் விரித்துப் போட்டு விற்கும் சந்தை வேறு. தொடக்கக்காரர்கள் சாதாரண நாளில் பதினொரு மணிக்கு மேல் போவது நல்லது. வெளிச்சம் இருக்கும், பேச நேரமும் இருக்கும்.

முதல் முறை எதுவும் வாங்காதீர்கள். கடைக்குள் போய், "பாய், சைன்ஸ் வாலி புரானி ஃபிலிம் கா குச் ஹை?" (அறிவியல் பற்றிய பழைய படத்துப் பொருள் ஏதாவது இருக்கிறதா?) என்று கேட்டு, காட்டுவதையெல்லாம் பொறுமையாகப் பாருங்கள். அசல் எது, புதிதாக அச்சடித்தது எது என்று நேராகக் கேட்டால் பல கடைக்காரர்கள் நேராகவே பதில் சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளையும் விடாதீர்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே பாட்டுப் புத்தகம் மாட்டும். அப்புறம் உங்கள் பேட்டை ரத்திக்கடை, அதாவது பழைய காகிதக் கடை. மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறும்போது தமிழ்க் காகிதமெல்லாம் அங்கேதான் எடைக்குப் போகிறது. கடைக்காரரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, தமிழ் எழுத்து உள்ள கட்டு வந்தால் ஒரு போன் போடச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை கிடைத்ததில் நல்லவை இப்படி வந்தவைதான்.

வாங்கும் முன் கண்ணைப் பழக்க, பெடர் ரோட்டில் உள்ள இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

நான்காம் படி: அசலா, மறுஅச்சா?

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது போன்ற, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும்.

முதலில் எழுத்துகளைப் பாருங்கள். ஆஃப்செட்டில் அச்சிட்ட பழைய போஸ்டரில் படம் புள்ளிப் புள்ளியாக ஒழுங்கான வரிசையில் இருக்கும், ஆனால் படத்தின் பெயரும் நடிகர் பெயர்களும் புள்ளியில்லாத முழு மையில், ஓரம் கூர்மையாக இருக்கும். பழையதை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்திருந்தால் எழுத்துகளும் புள்ளிகளாக உடைந்திருக்கும். இன்க்ஜெட் பிரிண்ட் என்றால் மை தெளித்தது போல ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்.

அடுத்து மடிப்பு. மடிப்புக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், மடித்திருந்த ஓர் அசலைப் படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். அமெரிக்க போஸ்டர்களை 1980களின் தொடக்கம் வரை பெரும்பாலும் மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். எனவே அவற்றில் மடிப்பு இருப்பது குறையல்ல. அங்கே நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் போஸ்டர்களை விநியோகித்த காலத்தில் கீழ் ஓரத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். 1977 'ஸ்டார் வார்ஸ்' போஸ்டரில் 77/21 என்று தொடங்கும். முன் எண் வருடம், பின் எண் படத்துக்கு உரியது. ஆர் என்ற ஆங்கில எழுத்து முன்னால் இருந்தால் மறுவெளியீட்டுக்கு அடித்தது. அளவையும் பாருங்கள். அந்தக் கால அமெரிக்கப் போஸ்டர் 27க்கு 41 அங்குலம், லாபி கார்டு 11க்கு 14. பிரிட்டிஷ் போஸ்டர் படுக்கைவாக்கில் 40க்கு 30.

நம் ஊர்ப் பொருளுக்கு வேறு அடையாளங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தவை. அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதனால்தான் பழைய போஸ்டர், பாட்டுப் புத்தகங்களின் அடியில் பொடி எழுத்தில் அச்சகப் பெயர் இருக்கிறது. அந்த ஓரத்தை மட்டும் யாரோ வெட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். விலையைப் பாருங்கள். அணா என்றிருந்தால் 1957க்கு முந்தைய வழக்கம். ந.பை. என்றிருந்தால் நயா பைசா, 1957 முதல் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சானது.

எல்லாவற்றையும் விட நல்ல சாட்சி நம் எழுத்து. இன்று நாம் எழுதும் லை, ணை, னை வடிவங்கள் 1978இல் தமிழக அரசு ஆணையால் வந்தவை. அதற்கு முன் பெரும்பாலும் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு போட்ட பழைய லைதான். என் பாட்டுப் புத்தக அட்டையில் 'கலை' என்பது அந்தத் துதிக்கையோடுதான் இருக்கிறது. படத்தின் நாயகன் முதலமைச்சராக இருந்தபோதுதான் அந்த எழுத்து மாறியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். 1963 போஸ்டர் என்று சொல்லி, அதில் இன்றைய லை இருந்தால் அவசரப்படாதீர்கள். மற்ற அடையாளங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: விலை

ஒரே பொருளை மூன்று இடத்தில் விசாரியுங்கள். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்துக்கொண்டு அதைத் தாண்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "நாளைக்கு இருக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால் நாளைக்கே போங்கள்.

ஆறாம் படி: மும்பை மழையிலிருந்து காப்பாற்றுவது

காகிதத்துக்குச் சுமார் 50 சதவீத ஈரப்பதம் இதமானது. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை 80க்கு மேல் போகிறது. ஒவ்வொரு தாளையும் தனித்தனி பாலியஸ்டர் உறையில், பின்னால் அமிலம் இல்லாத அட்டை வைத்துப் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் வழவழப்பான பிவிசி உறை வேண்டாம், அது மையோடு ஒட்டிக்கொள்ளும். பீரோவை வெளிச்சுவரில் சாய்க்காமல், தரையிலிருந்து நான்கு விரல் உயர்த்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் எடுத்து உலர்த்துங்கள். மாதம் ஒருமுறை மழை வெறித்த நாளாகப் பார்த்துத் திறந்து, வீட்டுக்குள்ளேயே மின்விசிறிக் காற்று காட்டுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, நிறம் போய்விடும்.

ராமபாணப் பூச்சி பசையையும் காகிதத்தையும் விரும்பித் தின்னும். அந்துருண்டையைக் காகிதத்தோடு போடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகளை அது இளக்கிவிடும். எங்கள் வீட்டில் வசம்பைத் துணியில் கட்டி பீரோ மூலையில், உறைகள் மேல் படாமல் வைக்கிறோம். கூடவே தட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதும் முக்கியம்.

செலோடேப், லேமினேஷன், பலகையில் ஒட்டுவது மூன்றும் கூடவே கூடாது. நான் முதன்முதலில் வாங்கிய இந்திப் போஸ்டரைச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் சுருக்கமில்லாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் முழுவதையும் பிளைவுட்டில் பசைபோட்டு ஒட்டிவிட்டார். இரண்டு மழைக்காலத்தில் பலகையின் கறை முன்பக்கம் வரைக்கும் ஊறிவிட்டது. பிரிக்க முடியவில்லை. அதன் எண் 4. இன்னும் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது. சட்டம் போடக் கொடுத்தால், "ஒட்டக்கூடாது, மூலையில் மட்டும் பிடிக்க வேண்டும், கண்ணாடி தாளில் படக்கூடாது" என்று எழுதியே கொடுங்கள்.

ஃபிலிம் துண்டுகள், நெகட்டிவ் கிடைத்தால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை வந்தால் அசிட்டேட் ஃபிலிம் அழிய ஆரம்பித்துவிட்டது, மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. சுருள் நைட்ரேட்டாக இருக்கலாம், எளிதில் தீப்பற்றும், வீட்டில் வைக்கக் கூடாது. மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கின்றன. அவர்களைக் கேளுங்கள்.

ஏழாம் படி: ஒருவர் கைப்பட்ட பொருள்

உடை, மோதிரம், கையெழுத்திட்ட படம், படத்தில் வந்த கருவி போன்றவை மேல் ஆசை வரும். 'ஃபர்பிடன் பிளானட்' படத்தின் ராபி ரோபோ 2017இல் நியூயார்க் ஏலத்தில் 53 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பது தெளிவாகத் தெரிந்திருந்ததும் அந்த விலைக்கு ஒரு காரணம். சான்றிதழ் தாளை மட்டும் நம்பாதீர்கள், அதை யாரும் அச்சடிக்கலாம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பொருளில் உள்ள கீறலும் தையலும் காட்சியில் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன் என்று ஒருவர் இருந்தார். 'சை-ஃபை' என்ற சொல்லைப் பரப்பியவர். வீடு முழுக்க இந்த வகைப் படப் பொருட்களாக நிறைத்து, சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் இலவசமாகச் சுற்றிக் காட்டினார். நடிகர் பெலா லுகோசி டிராகுலா வேடத்தில் அணிந்த மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டிருப்பார். 2008இல் அவர் மறைந்த பிறகு மிஞ்சிய பொருட்கள் ஏலத்தில் பல கைகளுக்குப் போயின. ஒவ்வொன்றின் கதையையும் வாயால் சொல்ல அவர் இல்லை.

அதைப் படித்த வாரம் எங்கள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன், காந்தத்தால்தான். மகளுக்கு எழுதியது: "நோட்டு மேல் தட்டில் இருக்கிறது. எண்ணும் உறையும் ஒன்றாகவே இருக்கட்டும். ரத்திக்குப் போடாதேம்மா. வைக்க இடமில்லையென்றால் ஆவணக் காப்பகத்துக்குக் கொடு. 1ஆம் எண் மட்டும் தாத்தாவுடையது, அதை நீ வைத்துக்கொள்."