மலையக ஆலயங்களில் சவுண்ட் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராதனையில் பாடகர் குழு ஒரு வரியை விழுங்கினால் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். பிரசங்கம் நீண்டாலும் யாரும் போதகரிடம் போய்ச் சொல்வதில்லை. மைக் 'கீ' என்று கத்திவிட்டால் மட்டும் முழுச் சபையும் மிக்சரின் முன்னால் இருக்கும் தம்பியைத் திரும்பிப் பார்க்கும். நம் பக்கத்துச் சபைகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் சம்பளமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. வயர் இழுக்கத் தெரிந்த வாலிபன் யாரோ அவனிடம் வந்து சேரும். நடக்கும் தவறுகளில் அரைவாசிக்கு மேல் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன: என்ன பிரச்சினை என்றாலும் கை முதலில் சத்தத்தைக் கூட்டத்தான் போகிறது.

மழையில் இதை நன்றாகப் பார்க்கலாம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து ஆலயங்களின் தகரக் கூரையில் என்ன சத்தம் எழும் என்று சொல்லத் தேவையில்லை. மழை அடித்துப் பெய்ததும் ஃபேடரை, அதாவது மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு பட்டனை, மேலே தள்ளுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் நுழைந்து கத்தத் தொடங்கும். பயந்து இறக்குவார்கள், பிறகு மறுபடி கூட்டுவார்கள். மழை விடும் வரை இதே கதைதான்.

செய்ய வேண்டியது வேறு. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். 20 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும் மைக்கை 10 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் அதற்குள் போகும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். காசும் செலவில்லை, மைக் கத்தும் ஆபத்தும் அதிகரிக்காது. அடுத்தது ஸ்பீக்கர். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய பொக்ஸை முக்கி முனக வைப்பதை விட, மண்டபத்தின் நடுப்பகுதியில் பக்கச் சுவர்களில் இரண்டு சிறிய பொக்ஸைப் பின் வரிசைகளைப் பார்த்து மாட்டுவது எவ்வளவோ மேல். கேட்பவருக்கு ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் குறைந்த சத்தமே போதும். இதையும் தாண்டிக் கொட்டும் மழைக்கு எந்த மெஷினிலும் பதில் இல்லை. அப்படியான நேரத்தில் பிரசங்கத்தை நிறுத்தி ஒரு பாட்டுப் பாடுவோம் என்று போதகருடன் முன்கூட்டியே பேசி வையுங்கள். பெரும்பாலான போதகர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் தொண்டை ஒன்றுதானே.

கல் ஆலயங்களின் பாடு வேறு. நுவரெலியாவின் ஹோலி ட்ரினிட்டி 1852இல் எழுந்தது, டிக்கோயாவின் வார்லி ஆலயம் 1878இல். ஓர்கன் இசையும் மைக் இல்லாத குரலும் மண்டபத்தை நிறைக்க வேண்டும் என்று கட்டிய காலத்துக் கட்டடங்கள் இவை. இப்படிப்பட்ட கட்டடத்தில் கற்சுவரே எதிரொலியை வேண்டிய அளவு கொடுக்கிறது. அதற்கு மேல் மிக்சரில் இருக்கும், எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப் எஃபெக்டையும் பிரசங்க மைக்குக்குப் போட்டால் ஒரு சொல் முடியும் முன் அடுத்த சொல் அதன் மேல் விழும். "ஐயர் சத்தமாகத்தான் பேசினார், ஆனால் என்ன சொன்னார் என்று விளங்கவில்லை" என்று யாராவது சொன்னால் சத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஃபெக்டை நிறுத்துங்கள். ஸ்பீக்கரைப் பின்சுவருக்கு நேராக விடாமல் கொஞ்சம் கீழே சாய்த்து ஆட்களைப் பார்க்க வையுங்கள். குரல் மைக்கில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். பல மிக்சர்களில் அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. பேச்சின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. பேஸைக் கூட்டினால் குரல் கம்பீரமாகத் தெரியும், சொல் மறைந்துவிடும்.

மிக்சரில் அதிகம் குழப்புவது கெய்னும் ஃபேடரும். மைக்கிலிருந்து வருவதை எவ்வளவு பெரிதாக்கி உள்ளே எடுப்பது என்பது கெய்ன். அதிலிருந்து எவ்வளவு வெளியே அனுப்புவது என்பது ஃபேடர். கெய்ன் கூடிப்போய்ச் சிவப்பு விளக்கு எரிந்தால் குரல் மிக்சருக்குள்ளேயே கிழிந்துவிடும். அதற்குப் பிறகு ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கிழிந்த குரல்தான் சின்னதாகக் கேட்கும். சனிக்கிழமை சவுண்ட் செக்கில் நடப்பதைக் கவனியுங்கள். பாடகி மைக்கைப் பிடித்து வெட்கத்துடன் "ஹலோ, ஹலோ, கேட்குதா அண்ணா?" என்பார். அண்ணாவும் அந்தச் சத்தத்துக்கே கெய்னை வைத்துவிடுவார். ஞாயிறு அன்று அதே தங்கை கண்ணை மூடிக்கொண்டு முழுக் குரலில் பாடும்போது மீற்றர் முழுக்கச் சிவப்பு. சரி, என்ன செய்வது? ஹலோ வேண்டாம். பாட்டின் உச்சமான இடத்தைப் பாடச் சொல்லி, அதற்குக் கெய்னை வையுங்கள்.

இன்னொன்று, மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது. பார்க்க ஸ்டைலாக இருக்கலாம். மேடை மைக் பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும்படி செய்யப்பட்டது. அதன் வலைக்குக் கீழே இருக்கும் துவாரங்களை மூடினால் அந்தக் குணம் போய், நாலா பக்கமும் கேட்டுக் கத்தத் தொடங்கும். பாடுபவர்களுக்குக் கேட்க மேடையில் வைக்கும் மொனிட்டர் பொக்ஸை மைக்கின் பின்பக்கம் வைக்கச் சொல்வதும் இதனால்தான். பாடகர்களிடம் இதை ஆராதனைக்கு நடுவில் சைகையில் சொல்லப் போனால் சண்டை போடுவது போலத்தான் தெரியும். பயிற்சி நாளில் ஒருமுறை பொத்திக் காட்டுங்கள், மைக் கத்துவதைக் கேட்டதும் அவர்களே கையை இறக்கிக்கொள்வார்கள்.

இனி கரண்ட். இதில் தவறு செய்தால் சத்தத்தோடு முடியாது. பழைய கட்டடங்களில் வட்டப் பின் சொக்கட், புதிய சாமான்களில் சதுரப் பின் பிளக், நடுவில் எடப்டருக்கு மேல் எடப்டர். கீபோர்டிலோ கிட்டார் அம்ப்பிலோ 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் ஏர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இரைச்சல் நிற்கும்தான். ஆனால் அம்ப்பில் ஏதாவது பழுது வந்தால், கையில் கிட்டார் கம்பியும் உதட்டில் மைக்கும் இருக்கும் பிள்ளையின் உடம்பு வழியாக 230 வோல்ட் நிலத்துக்கு வழி தேடும். ஏர்த்தைத் தொடாதீர்கள். எல்லாச் சாமான்களுக்கும் ஒரே சொக்கட்டிலிருந்து கரண்ட் எடுங்கள், கிட்டாரையும் கீபோர்டையும் டிஐ பொக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்சருக்குக் கொண்டுபோங்கள். இரைச்சலில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

மின்னலுக்கு சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. பிளக்கைக் கழற்ற வேண்டும், வெளியே இருக்கும் ஹோர்ன் ஒலிபெருக்கிக்குப் போகும் வயரையும் சேர்த்து. பதுளை சென். மார்க்ஸ் ஆலயமே மின்னலில் இறந்த ஒருவரின் நினைவாகக் கட்டப்பட்டது. மேஜர் ரொஜர்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி அவர், இறந்தது 1845இல் அப்புத்தளையில். ஆயிரக்கணக்கில் யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர், அவரையே மின்னல் விடவில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கமாக வரும் நாட்களில் ஆராதனை முடிந்ததும் கழற்றிவிடுவது நல்லது.

மிக்சரையும் மைக்கையும் கற்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் பூட்டி வைத்தால் அடுத்த வாரம் பூஞ்சணத்தோடு எடுக்கலாம். மைக்கின் வலையைக் கழற்றித் துடைத்து, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சைக் காயவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். ஈரம் போவதை விட மாவுதான் அதிகம் உள்ளே போகும். வயர்லெஸ் மைக்கில் பற்றரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வயரை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே முறுகி உடையும். சுவிட்சைப் போடும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கரை ஓட்டும் அம்ப் கடைசியில். அணைக்கும்போது அம்ப் முதலில். இதை மாற்றிச் செய்தால் வரும் 'டொம்' சத்தம் ஸ்பீக்கரின் ஆயுளைக் குறைக்கும்.

வெளியே கட்டும் ஹோர்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விசேட நாட்களுக்கு மட்டுமே விலக்கு. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு ஹோர்ன் வேண்டுமானால் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்டாலும் அதை லயத்தின் பக்கம் திருப்பாதீர்கள். பக்கத்து லயத்தில் விடியக் கொழுந்து பறிக்கப் போகிற அக்கா தூங்குவார்.

கடைசியாக, எல்லோர் பேச்சையும் கேட்டு மிக்சரைத் திருகுவது. முன் வரிசையில் ஒருவர் குறைக்கச் சொல்வார், பின்னால் ஒரு பாட்டி காதைக் காட்டுவார், மேடையிலிருந்து ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி விரலை மேலே காட்டுவான். மூவருக்கும் தலையாட்டிக்கொண்டு கையை ஓட்டினால் பத்து நிமிடத்தில் எல்லாம் குழம்பிவிடும். முதல் பாட்டு ஓடும்போதே எழுந்து கடைசி பெஞ்ச் வரை நடந்து நீங்களே கேளுங்கள். மிக்சர் இருக்கும் இடத்தில் கேட்பது சபைக்குக் கேட்பது அல்ல, அதுவும் அது ஒரு மூலையில் இருந்தால். அப்புறம், கூட்டவோ குறைக்கவோ சொல்லும் சைகையைக் கொடுக்கச் சபையில் ஒருவரை மட்டும் பேசி வையுங்கள். அந்த ஒருவர் கீபோர்ட் வாசிப்பவராக இருக்கக் கூடாது. அவருக்கு எந்த நாளும் கீபோர்ட்தான் குறைவாகக் கேட்கும்.