ஸ்டான்லியில் ஒரு பகல்: கப்பலிலிருந்து இறங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

"காலை எட்டுக்குக் கப்பல் நிற்கும், மாலை ஐந்துக்குக் கிளம்பும். முழுசாக ஒன்பது மணி நேரம்!" தென் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் ஆட்சியில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகரான ஸ்டான்லிக்குப் போகிறவர்கள் போடும் முதல் தப்புக் கணக்கு இது. பெரிய கப்பல்கள் அங்கே கரையோடு அணைவதில்லை. வெளியே போர்ட் வில்லியமில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில்தான் ஆட்களை ஊருக்குள் கொண்டுவந்து இறக்குவார்கள். வரிசையில் நிற்பது, படகில் போய்வருவது, கப்பல் கிளம்புவதற்கு வெகு முன்பே புறப்பட்டுவிடும் கடைசி டெண்டர் எல்லாவற்றையும் கழித்தால் கையில் ஆறு மணி நேரம் மிஞ்சினாலே பெரிது.

அதுவும் காற்று விட்டால்தான். காற்று வலுத்தால் யாரையும் இறக்காமலேயே கப்பல் போய்விடும். மதியத்துக்கு மேல் வலுத்தால் நீங்கள் கரையில், கப்பல் கடலில். அதனால் முக்கியமானதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அன்றாட மாத்திரைகளை அறையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

அடுத்தது பெங்குவின் ஆசை. ராஜ பெங்குவின்கள் கூட்டமாக இருக்கும் வாலன்டியர் பாயிண்ட்டுக்கு ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம் ஆகும். கடைசிப் பகுதியில் சாலையே கிடையாது, சதுப்பு நிலத்தில் ஜீப் குலுங்கிக் குலுங்கித்தான் போகும். கப்பல் நெடுநேரம் நிற்கும் நாளில், முன்பதிவும் இருந்தால் போகலாம். இல்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் சுமாரில் ஜிப்ஸி கோவ் இருக்கிறது. அங்கே இருப்பவை மகெல்லன் பெங்குவின்கள். முயல் வளை மாதிரி மண்ணில் ஒரு ஓட்டை; உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. கத்தினால் அச்சு அசல் கழுதைதான். தீவுக்காரர்கள் அதை 'ஜாக்கஸ்' என்றே சொல்கிறார்கள். படம் எடுக்கும் வேகத்தில் பாதையை விட்டு இறங்கினால், உங்கள் கால் அழுத்துவது ஒரு வளையின் கூரையாக இருக்கலாம், இடிந்துவிடும். ஆறு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில் புதைத்த கண்ணிவெடிகளை 2020-இல் முழுதாக அகற்றிவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

ஜனவரி அங்கே கோடை. அந்தச் சொல்லை நம்பி மெல்லிய சட்டையோடு இறங்கினால் நடுங்குவீர்கள். நண்பகலிலும் 15 டிகிரிதான் சாதாரணம். குடை எடுத்துப் போவது காற்றுக்குக் காணிக்கை. குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடுவதும் தப்பு. வெயில் சுள்ளென்று பிடித்து முகம் சிவந்துவிடும். கப்பலின் பழக் கூடையிலிருந்து ஒரு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் இங்கே ஆகாது; பழத்தைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

ஊருக்குள் பார்க்க அதிகமில்லை. பேராலயத்தின் பக்கத்தில் இரண்டு நீலத் திமிங்கிலங்களின் தாடை எலும்புகளால் 1933-இல் கட்டிய வளைவு நிற்கிறது. படகுத்துறையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

கடைசியாகக் காசு. ஃபாக்லாந்து பவுண்டும் பிரிட்டிஷ் பவுண்டும் ஒரே மதிப்பு, கடைகளில் இரண்டும் செல்லும். ஆனால் மீதியாக வரும் ஃபாக்லாந்து நோட்டை லண்டன் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். பிரிட்டிஷ் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், தபால் நிலையத்தில் பெங்குவின் போட்ட தபால்தலை வாங்கித் தீர்த்துவிட்டுப் படகு ஏறுங்கள்.